சிவப்புக் காரும் ஒரு கையெழுத்தும்

இரண்டு கதவுக் காரை ஏன் வாங்கினாய் என்று வவுனியாவில் என்னைக் கேட்காத ஆளில்லை. வான் வாங்கியிருந்தால் ஹயருக்கு விடலாம். உழவு மெசின் வாங்கியிருந்தால் வயலுக்கு விடலாம். நான் வாங்கியது ஒரு சின்னச் சிவப்பு ஜப்பான் கார். பின்கதவை அப்படியே மேலே தூக்கினால் இரண்டு மூட்டை அரிசி வைக்கலாம், அவ்வளவுதான். அது வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று என் மனைவி குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினாள்.

அவளுக்கு என்ன தெரியும்? சண்டை நடந்த வன்னியில், பரந்தனில் இருந்த காலத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் காட்டவும் இல்லை. என்னிடம் இருந்த பழைய இங்கிலீசுக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். காலையில் அதை உயிர்ப்பிக்க, மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு துளி காபரேட்டருக்குள் விட வேண்டும். பிறகு இருமிக்கொண்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அது நகரும். மாட்டு வண்டிக்காரன் என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். காலால் மிதித்தால் சொல்வழி கேட்கிற ஒரு காரைச் சாவதற்குள் வாங்கியே தீருவேன் என்று அப்போதே வைராக்கியம் எடுத்தேன்.

அந்த வைராக்கியம் முழுதும் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். என் சிநேகிதன். அவனும் பரந்தன்தான், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், மோட்டார் மெக்கானிக். இருவரும் ஒரே கிழமையில் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். அவன் மன்னார் றோட்டில் ஒரு கராஜ் போட்டான். எனக்குச் செட்டிகுளத்தில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருந்த என் தம்பி காருக்கென்று காசு அனுப்பியபோது இந்தச் சிவப்புக் காரைத் தேடிப் பிடித்துத் தந்தவன் அவன்தான்.

“டீசல் எண்டால் லொறி எண்டு நினைக்காதை மச்சான். இது டேர்போ. இதின்ரை இழுவையை ஒருக்கால் பார்,” என்றான்.

பார்த்தேன். அன்றோடு விழுந்தேன். டீசல் மலிவு என்பதும், பெற்றோல் போத்தலை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் குமட்டும் என்பதும் ஊருக்குச் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம் செட்டிகுளம் போகும் வழியில் இருந்தது. ஒரு இராணுவச் சோதனைச் சென்றிக்கும் அடுத்த சென்றிக்கும் இடையில் நாலு கிலோமீற்றர் நேர் றோட்டு. இரண்டாம் கியரில் மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு முன்னுக்கு எங்கோ மெல்லிய விசில் ஒன்று கேட்கும், உடனே நான் இருக்கிற கதிரை முதுகைப் பிடித்துத் தள்ளும். மூன்றாம் கியர் போட முன்பே நான் தனியே சிரித்துக்கொண்டிருப்பேன். நாற்பது வயது மனிதன், விசரன் மாதிரி. அடுத்த சென்றி வந்ததும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நடந்து போவேன்.

ஒருநாள் சிநேகிதன் பொனற்றைத் திறந்து காதைச் சரித்துக் கேட்டான். டீசல் பம்ப் சரியில்லை, உள்ளே ஒரு தட்டல் இருக்கிறது என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டது. மூன்றாம் நாள் படுக்கையிலும் கேட்டது. அவ்வளவு ஆசை அந்தக் கார்மேல்.

பம்பைக் கழற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும், இங்கே அதற்கு மெசின் இல்லை என்றான். அந்த நாளில் எங்களைப் போல வன்னியிலிருந்து வந்தவர்கள் கொழும்புக்குப் போவதென்றால் இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்குக் காரணம் காட்ட வேண்டும். அதைவிட, போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் வவுனியாவில் பிணை நின்று கையெழுத்து வைக்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவரைத்தான் பிடிப்பார்கள். தானே போய் வருவதாகவும் ஐந்து நாள் போதும் என்றும் சொன்னான். காரணம் கேட்டால் காட்டப் பம்ப் இருந்தது. கையெழுத்து வைக்க நான் இருந்தேன்.

“இஞ்சருங்கோ, அவற்ரை மனுசியும் பிள்ளையும் போன மாதமே கொழும்புக்குப் போட்டினம். இப்ப அவரும் போறார். நீங்கள் ஏன் பிணை நிக்கிறியள்?” என்று என் மனைவி கேட்டாள்.

பிள்ளைக்கு ஆசுப்பத்திரியில் காட்டத்தான் போனார்கள், உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று அவள்மேல் பாய்ந்து விழுந்தேன். போய்க் கையெழுத்து வைத்தேன்.

பம்ப் இல்லாத கார் முற்றத்தில் நின்றது. ஐந்தாம் நாள் அவன் வரவில்லை. ஆறாம் நாள் ரயில் ஓடவில்லையாக்கும் என்றேன். எட்டாம் நாள் விடிய இராணுவ ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாள் காம்பில் வைத்திருந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: அவன் எங்கே? கொழும்பில் பம்ப் கடைக்காரர் சுணங்குகிறார்கள், அவன் அப்படிப்பட்டவன் இல்லை, வருவான் என்றேன். கன்னத்தில் விழுந்தது. வருவான் என்றேன்.

விட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றும், இனி எனக்குப் பாஸ் என்ற பேச்சே இல்லை என்றும் சொல்லி விட்டார்கள். அடுத்த கிழமை ஒரு லொறிச் சாரதி பழைய துவாயில் சுற்றிய பம்பைக் கொண்டுவந்து தந்தான். கடிதம் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தாயா, ஆள் போனாலும் சொன்ன வேலையைச் செய்துதான் அனுப்பியிருக்கிறான் என்று மனைவியிடம் பெருமை பேசினேன்.

பம்பைப் பூட்ட வந்தவர் மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறிய வயதான மெக்கானிக். துவாயை விரித்துப் பார்த்தவர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இதை யாரும் தொறக்கவே இல்லீங்க. கம்பெனி சீலு அப்படியே இருக்கு பாருங்க,” என்றார்.

கம்பியில் கோத்த சின்ன ஈயச் சீல். அதை வெட்டாமல் பம்பைத் திறக்க முடியாதாம். தட்டல் சத்தம் இருந்ததே என்றேன். டீசல் என்றால் தட்டத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டுப் பூட்டினார். முதல் சாவியிலேயே கார் எழும்பியது. நான் அங்கேயே மண்ணில் குந்திவிட்டேன். ஒரு பழுதும் இல்லாத பம்பைக் கழற்றி, அதைக் காட்டிப் பாஸ் எடுத்து, என் தலையை அடகு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் தலையில் இப்படி மிளகாய் அரைக்க அவனால்தான் முடியும். நான் எதில் மயங்குவேன் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தானே.

அந்த வருசம் என் தம்பி ஒன்பது வருசத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்தான். வவுனியாவுக்கு வர அவனுக்குப் பயம். கொழும்புக்குப் போக எனக்குப் பாஸ் இல்லை. மூன்று கிழமை அங்கே காத்திருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே விமானம் ஏறினான். நான் திங்கட்கிழமைகளில் அதே காரில் போய்க் கையெழுத்து வைத்தேன். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அப்போதும் அந்த விசில் கேட்கும்போது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துச் சிநேகிதனைத் திட்டினேன்.

ஆறு மாதம் கழித்து, வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் என்று ரெலிபோன் கடையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். தம்பி என்று நினைத்து ஓடினேன். பேசியவன் சிநேகிதன். அழுதான். மன்னித்துக்கொள் என்றான். கார் எப்படி ஓடுகிறது என்றும் கேட்டான், பாவி. நான் ஆறு மாதமாய்ச் சேர்த்து வைத்திருந்த தூசண வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

“நீ வரமாட்டன் எண்டு உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்து வைச்சிருப்பன்ரா. ஏன்ரா சொல்லேல்லை?” என்றேன்.



“வைச்சிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் ரெண்டு அடி விழ, நான் ஓடிட்டன் எண்டு அவங்களிட்டைச் சொல்லியும் போட்டிருப்பாய். நான் பிளேன் ஏற வேணுமே மச்சான்,” என்றான்.

இருபத்தைந்து வருசம் என்னோடு பழகியவன் என்னை அவ்வளவுதான் நம்பியிருக்கிறான். காம்பில் நான் என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன்.