கெட்டிக் கிரீஸ்

அயோத்தியாப்பட்டணத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், வானத்தில், என் மாமா இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. விமானத்தின் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. அது நிற்காதவரை மாமா உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அம்மாவின் தம்பியான மாமா, திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஆத்தூர் ரோட்டை ஒட்டிய ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் எஞ்சினியருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தார். சும்மா திரிந்த என்னையும் கூட்டிப்போனார்.

அங்கே இரண்டு பேர் உட்காரும் கிழட்டு விமானம் ஒன்று இருந்தது. இருக்கைகளுக்கு நடுவே ஒரு சக்கரம். ட்ரிம் என்பார்கள். அதைச் சுழற்றினால், கம்பி இழுத்து வாலில் ஒரு சிறு தகடு ஏறி இறங்கும். மூக்கு தாழாமல் தூக்காமல் நிற்கும், ஓட்டுபவர் கையால் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தச் சக்கரம் ஒரு வாரமாக இறுகிக் கிடந்தது. மாமா வால் பக்கம் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுழற்றிப் பார்த்தார். லேசாகச் சுழன்றது.

"கம்பியில கோளாறு இல்லீங்க சார். வால்ல இருக்கற திருகுதான் புடிக்குது" என்றார்.

கழற்றினால், பழைய கிரீஸ் ஆறிய வெல்லப்பாகு போலக் கட்டியாகியிருந்தது. துடைத்துச் சுத்தம் செய்ததும் எஞ்சினியர் ஒரு சின்ன ட்யூபில் புதுக் கிரீஸ் தந்தார். மாமா அதை என்னிடம் கொடுத்துப் பூசச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். நான் ரிக் பட்டறையில் வளர்ந்தவன். பிதுங்கி வழிந்தால்தான் அங்கே கிரீஸ் போட்டதாக அர்த்தம். இந்தப் பிசுக்கு எந்த மூலைக்கு என்று, மாமாவின் பழைய டப்பாவிலிருந்து ரிக்குக்குப் போடும் கறுப்புக் கிரீஸை வழித்து உள்ளே திணித்தேன். அவர் தந்ததை மேலே பூசினேன். மாட்டிப் பார்த்தபோது சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுழன்றது. வெயிலில் கிரீஸ் அப்படி இளகியிருந்தது.

சோதனை ஓட்டத்தில், விமானம் ஓட்டும் கேப்டனோடு பழுது பார்த்தவனும் ஏறியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"ஏனுங்க கேப்டன், கீழ எறக்கி உட்ருவீங்கல்ல?" என்று மாமா ஏறும்போது கேட்டார்.

"என்னையக் கேட்டா? வேல பாத்தது நீயா நானா?" என்று கேப்டன் சிரித்தார்.

மாமாவும் சிரித்தார். "மாப்ள, வந்து சோறுண்ணலாம், இரு" என்றார் என்னிடம்.

விமானம் மேலேறியபின், வேடிக்கை பார்த்த மாணவர்களிடம் எஞ்சினியர் சொன்னார்: "மேல போகப் போகக் குளிரும். கண்ட கிரீஸையும் போட்டா இறுகிரும். அதனாலதான் இதுக்குன்னு தனியா கிரீஸ்."

கேப்டனோடு பேசும் ரேடியோ பக்கத்து அறையில் இருந்தது. பத்தடி தூரம். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. கேட்டைத் தாண்டி நடந்துவிட்டேன்.

பாதி வழியில் சத்தம் நின்றது.

புகை எழுகிறதா என்று பார்க்கத் துணிவில்லை. ஓடினேன். அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறிச் சேலத்தில் இறங்கி, அம்மா இருந்த ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுத் திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினேன். அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

தரையிறங்கிய விமானமும் சத்தத்தை நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ட்ரிம் இறுகினால் விமானம் விழாது, ஓட்டுபவருக்குக் கை கடுக்கும், அவ்வளவுதான் என்பதும் தெரியாது. அன்று சக்கரம் இறுகியது உண்மை. கேப்டன் திட்டிக்கொண்டே இறக்கினார். மாமா வாலைத் திறந்து கறுப்பைப் பார்த்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் நான்கு வருடம் கழித்து அவரே சொன்னது. அதுவரை ஊருக்கு நான் ஒரு போன் கூடப் போடவில்லை. யாராவது எடுத்து, செத்துப்போனார் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் காலை திருச்செங்கோட்டில், சத்தீஸ்கருக்குக் கிளம்பி நின்ற ரிக் லாரிக்கு ஓர் ஆள் குறைந்தது.

"ஊட்ல தேட மாட்டாங்களாடா?" என்று மேனேஜர் கேட்டார்.

"தேடறதுக்கு ஆளில்லீங்க" என்றேன். ஏறச் சொன்னார்.

ஓடிப்போகிற பிள்ளைகள் ரயிலுக்குத்தான் போவார்கள் என்று, அதே நேரத்தில் மாமா சூரமங்கலம் ரயில் நிலையத்தில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் இரும்புக் குழாய்களின் மேல் உட்கார்ந்து, செத்துப்போன மாமாவுக்காக அழுதுகொண்டே வேலைக்குப் போனேன்.