அக்கா எழுதாத அஞ்சாவது

அக்காவின் ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு காலண்டர் தாள் இருக்கிறது. சர்ச் காலண்டரில் கிழித்தது. அதன் பின்பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அக்கா தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கிறாள். கால் வீக்கம். மூத்திரம் போனால் எரிச்சல். பசியே இல்லை. தூக்கம் வரவில்லை. நாலுக்கும் வரிசையாக எண் போட்டவள், அதன் கீழே அஞ்சு என்றும் போட்டு ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "இன்னாக்கா, அஞ்சு போட்டுட்டு மொட்டையா வுட்டுக்கிறே?" என்று டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டு கிண்டல் செய்தேன். "ஒண்ணும் இல்லடா, வுடு" என்றாள். விட்டுவிட்டேன்.

கர்ப்பப்பை வாயில் புற்று என்று சொன்னபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. கல்மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள். மாமா விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை எனக்கு. இங்கிலீஷ் படிப்பான், டாக்டரிடம் பயப்படாமல் பேசுவான் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் வேறு. கரண்டு என்று நாங்கள் சொல்லும் ரேடியேஷன் வைத்த அந்த ஒன்றரை மாதமும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன். கேட் பாஸில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் லாரியை கேட் தாண்ட விடாத ஆள் நான். அந்த அஞ்சை மட்டும் எப்படி விட்டேன்?

கரண்டு முடிந்து மூன்றாவது மாதம் காட்டப் போனபோதுதான் அது நடந்தது. வெளியே பெரிய கூட்டம். டாக்டர் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. நான் நாலையும் படித்தேன், நாலுக்கும் மருந்து எழுதினார். பிறகு ஃபைலைப் பார்த்தபடியே, "வீட்டுக்காரரோட நார்மலா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், புருஷன் பெண்டாட்டி சண்டையைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். அக்கா வாயைத் திறப்பதற்குள், "நார்மலா கீறாங்க சார். மாமா தங்கமான மனுஷன், இத்தினி வருஷத்துல ஒரு அடி அடிச்சதில்ல" என்றேன். என்ன பெருமை எனக்கு! டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது?" என்றார். அக்கா என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

அதற்குப் பிறகு மாமா கரைக்கு வந்தாலும் வீட்டில் தங்குவது குறைந்தது. ஹார்பரிலேயே சாப்பாடு, படகிலேயே படுக்கை. நோய்வாய்ப்பட்ட பெண்டாட்டியை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று கேட்க, நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "உங்க அக்காவுக்கு என்னப் புடிக்கல மச்சான். பக்கத்துல போனா ஒடம்ப இறுக்கிகினு சொவத்த பாத்துத் திரும்பிக்குது. என்னக் கண்டா கலீஜா கீதுபோல" என்றார். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? திட்டிவிட்டு வந்தேன். ஒன்றரை வருஷத்தில் முகத்துவாரக்குப்பத்தில் வேறொருத்தியோடு குடும்பம் வைத்துவிட்டார். தெருவே கேட்க அவரை நாறடித்தேன். அக்கா மட்டும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் அந்த டாக்டர் இடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். உள்ளே போனதுமே, "தம்பி, நீங்க வெளிய இருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள், பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவரு பக்கத்துல வரசொல்ல உசுரு போற மாதிரி வலிடா. நோவு திரும்பி வந்துடுச்சோன்னு பயம். சொன்னா அவரும் பயந்துடுவாரேன்னு பல்லக் கடிச்சிகினு கெடந்தேன். அந்த அஞ்சு அதாண்டா. தம்பி கையில குடுக்கற தாள்ல அத்த எப்டிடா எழுதறது?"

கரண்டு வைத்தால் உள்ளே சுருங்கி இறுகிப்போகுமாம். இளவயசுக்காரர்கள் நிறையப் பேருக்கு நடப்பதாம். ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் அதற்கென்று கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்திருக்கலாம், இவ்வளவு நாள் விட்டது கஷ்டம் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். "அந்த டாக்டரு ஒரு வாட்டி கேட்டாருடா" என்று மட்டும் அக்கா சொன்னாள். கேட்டார். பதில் சொன்னவன் நான். பாவி நான். அவளோடு உள்ளே உட்கார்ந்திருக்காமல், வெளியே ஒரு டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதுமே! மாமாவிடம் போய் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "அங்க ஒரு கொயந்த கீதுடா" என்றாள்.

இப்போதெல்லாம் நான் உள்ளே போவதில்லை. போன மாதமும் வெளி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். போனவள் ரெண்டே நிமிஷத்தில் வந்துவிட்டாள். "எல்லாத்தியும் கேட்டியாக்கா?" என்றேன். "கேக்கறதுக்கு இன்னாடா கீது இனிமே?" என்று ஃபைலை என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஃபைலைத் திறந்தேன். அந்தக் காலண்டர் தாள் மடிப்பு விட்டுப்போய் இன்னும் அதிலேயே இருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. எரிச்சல் நின்றுவிட்டது. பசிக்கிறது, சாப்பிடுகிறாள். தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை என்கிறாள். அஞ்சுக்கு எதிரே அப்படியே வெறும் தாள். நோய் சுத்தமாகப் போய்விட்டது என்று மேல் தாளில் அன்றைக்குப் பார்த்த டாக்டர் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தை: நார்மல்.