நான் செய்துகொள்ளாத பரிசோதனை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே போனால் வரும், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது இது.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து தோட்டங்களுக்குப் போய் ஆவணப்படம் போட்டுக் காட்டுவோம். காசநோய், இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று எல்லா நாட்டிலும் மக்களை வாட்டுகிற நோய்களைப் பற்றிய படங்கள். துண்டறிக்கை கொடுத்தால் நான்காக மடித்து விசிறிக்கொள்வார்கள். படம் என்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு நாங்கள் கொண்டுபோனது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயையும் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனையையும் பற்றிய படம். பெண்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தோம்.

ஜன்னல்களில் கோயில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு மண்டபத்தை இருட்டாக்கினோம். உள்ளே காற்றே இல்லை. நாற்பது பெண்கள் இருப்பார்கள். படத்தில் வருகிறவர்கள் வேறு வேறு நாட்டுப் பெண்கள். கீழே மலாய் எழுத்து ஓடும். எல்லோராலும் அந்த வேகத்துக்குப் படிக்க முடியாது. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

படத்தின் நடுவில் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி வருவாள். நோய் முற்றிப்போய்க் கட்டிலில் கிடப்பாள். “யாரோ ஒருத்தர் பார்த்துடுவாங்கன்னு வெக்கப்பட்டுச் சோதனைக்குப் போகல. இப்ப பத்துப் பேர் பார்க்கறாங்க. வெக்கப்படக்கூடத் தெம்பில்ல” என்பாள். அந்த இடத்தை வீட்டில் நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். சொல்லும்போது என் குரலே தழுதழுத்தது. இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாகச் செய்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன். என் வாய் சொன்னது என் காதில் ஏறவில்லை.

படம் முடிந்து ஜமுக்காளங்களை விலக்கினோம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். முன்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தில் செம்பனைக் குலையிலிருந்து சிதறும் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. கையெல்லாம் முள் கிழித்த தழும்பு.

“நீங்க பண்ணிட்டீங்களா டீச்சர்? வலிச்சுச்சா?”

நான் டீச்சர் இல்லை. மைக் பிடித்தால் டீச்சர் என்பார்கள். அந்தச் சோதனையையும் நான் செய்துகொண்டதில்லை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது தாதி இந்தச் சோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்த அட்டை எங்கே போனது என்றே தெரியாது. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதி. மீதி வெறும் பயம்.

“பண்ணிட்டேன்கா. ஒண்ணுமே தெரியாது” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்தது அந்தப் பொய். அதைக் கேட்டதும் மண்டபத்தில் ஒரு சின்ன ஆசுவாசம் பரவியதைப் பார்த்தேன். அக்கா திரும்பி மற்றவர்களிடம், “கேட்டீங்கல்ல? அவங்களே பண்ணிட்டாங்க லா. எதுக்குப் பயப்படணும்?” என்றார். அவரே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசி, அடுத்த வாரத்துக்குள் சோதனைக்குப் பத்துப் பேரின் பெயர் சேர்த்துவிட்டார். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நானும் கூட வரவேண்டும்.

ஒரு புதன்கிழமை காலை வேன் பிடித்து அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். அக்காவோடு சேர்த்துப் பதினோரு பெண்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் பேசி லீவு வாங்கியதும் அக்காதான். எல்லோரும் விசேஷத்துக்குப் போகிற மாதிரி நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதிவுப் பாரம் எழுதிக் கொடுத்தேன். முகப்பில் இருந்த மலாய்க்காரத் தாதி, மிஸ்ஸி என்போம், நல்ல மாதிரி. பாரங்களை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்து, நீங்கள் இந்தச் சோதனையைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று மலாயில் கேட்டார்.

அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

போன வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த கிளினிக் என்று கேட்டால் அதற்கும் ஒன்று சொல்லவேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என்னை விட அதிகமாகப் பயந்திருந்தது அந்த முகம். அதைப் பார்த்த பிறகு இன்னொரு பொய் வரவில்லை. “இல்ல மிஸ்ஸி, இன்னும் எடுக்கல” என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

அக்கா நேராக வெளியே நடந்தார். பின்னால் ஓடினேன். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, தப்புதான். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, வாயில வந்துடுச்சு.”

“எங்கிட்டப் பொய் சொன்னது போகட்டும் டீச்சர். அத நம்பி நான் பத்துப் பேரை இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். அவங்க மாமியா, புருஷன் எல்லாத்துக்கும் பதில் சொல்லி கூட்டியாந்தது யாரு? நானு. நாளைக்கு அவங்க மூஞ்சில நான்தானே முழிக்கணும்?”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் போய்விட்டால் மற்ற பத்துப் பேரும் எழுந்துவிடுவார்கள் என்று தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் செருப்புச் சத்தம் உள்ளே போவது கேட்டது.

நான் போனபோது அவர் முகப்பிலிருந்து ஒரு எண் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தார். என் கையில் வைத்தார்.

“உங்க நம்பர் எனக்கு அடுத்தது. உட்காருங்க.”

அவர்தான் முதலில் போனார். திரைக்குப் பின்னால் நாமே ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிற சோதனை அது. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“கூச்சமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். வலி இல்ல” என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பிறகு நான் போனேன். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, மிஸ்ஸியிடம் வேறொன்று வாங்கினேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. மற்றப் பத்துப் பேருக்கும் பயப்பட ஒன்றுமில்லை. ஒருவரை மட்டும் மறுபடி எடுக்கச் சொன்னார்கள், அதுவும் சரியாகிவிட்டது. எனக்குத்தான் அலுவலகத்தில் இருக்கும்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கருவி வைத்துப் பார்த்து, சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றுநோயாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பகுதியை மட்டும் அகற்றிவிடலாம் என்றும் சொன்னார். உடம்பில் எந்த அறிகுறியும் எனக்கு இருந்ததில்லை. அந்த ஒரு வரியைத்தான் நான் ஊர் ஊராக மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘எந்த அறிகுறியும் இருக்காது, அதனால்தான் சோதனை.’

வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகு அக்காவுக்குத்தான் போன் செய்தேன். “என்னைக்கு ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பகுதியை அகற்றும் நாளன்று காலை நானும் வீட்டுக்காரரும் போய்ச் சேரும்போது அவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஒரு பிளாஸ்க்கில் சூடாகக் குடிக்க மைலோ. என் முறை வரும்வரை தோட்டத்துக் கதையாகப் பேசிக்கொண்டிருந்தார். செம்பனை மட்டைக் குவியலில் பாம்பு கிடந்தது, பேத்தி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்து எழுந்து ஓடியது. பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயர் கூப்பிட்டபோது என் கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உடம்பு தேறியதும் அந்த மண்டபத்துக்கு மறுபடி போனேன். வேறொரு படம் போடும் நாள் அது. படத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்களிடம் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கிளினிக்குக்கு வந்த பத்துப் பேரில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். அதற்கப்புறம் எங்கள் படத்துக்கு அவள் வந்ததே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா முன்வரிசையில் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், “சரி, படத்தைப் போடுங்க” என்றார்.

இப்போதும் படம் காட்டப் போகிறோம். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் ஆட்கள் குறைவார்கள் என்று பயந்தேன், குறையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவரை நல்ல செய்திதான்.

மன்னித்துவிட்டேன் என்று அந்த அக்கா ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் என் மகளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்புகிற ஒவ்வொரு சாதாரணக் காலையும், கோபத்தோடு திரும்பி வந்து என் கையில் ஒரு எண் சீட்டை வைத்த அந்தப் பெண் எனக்குக் கொடுத்த நாளாகவே இன்றும் விடிகிறது.