கண்டக்டருக்கு ஏது டிக்கெட்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். முழங்கால் தேய்ந்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஆனாலும் நான் கண்டக்டர் என்றுதான் சொல்வேன். யார் வந்தாலும் "உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க" என்கிற மனிதரை வேறு எப்படிச் சொல்வது?

நான் தைக்கிறவள். பேண்டைக் குட்டையாக்குவது, தொளதொளவென்று இருப்பதைப் பிடிப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது. இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்கக் கண் மறுக்கிறது. கண்ணாடி வாங்கவென்று ஒரு பவுடர் டப்பாவில் பணம் சேர்த்து வைத்திருந்தேன். இவர்தான் விடவில்லை. "உன் கண்ணாடி என் செலவு, கொஞ்சம் பொறு" என்று ஒரே பிடிவாதம். சம்பாதிக்காமல் உட்கார்ந்திருப்பது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாதா என்ன?

அதற்காகத்தான் போனில் சர்வே எழுத ஆரம்பித்தார். கம்பெனிக்காரர்கள் நம் அபிப்பிராயம் கேட்பார்கள். பதில் சொன்னால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் போனுக்கு ரீசார்ஜ். சேர்வதற்குக் காசு கேட்கவில்லை, பேங்க் விவரமும் கேட்கவில்லை. "இதுல என்னத்த கிழிக்கப் போறீங்க" என்று முணுமுணுத்தேன். ரீசார்ஜ் வந்த அன்று வாயை மூடிக்கொண்டேன். தவிர, அடிக்கடி அடுப்படிக்கு வந்து நிற்பார்.

"உனக்கு எந்த சோப்பு வாசம் பிடிக்கும்?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கேட்டதில்ல. கம்பெனிக்காரன் கேட்டாத்தான் தோணுமா?" என்று சிடுசிடுத்தேன். மனசுக்குள் இனித்தது.

ஒரு மத்தியானம் வாட்ஸப்பில் வேறொரு கூட்டம் செய்தி அனுப்பியது, இவர் படித்துக் காட்டினார். தங்க உறுப்பினர் ஆனால் ஒரு சர்வேக்கே என் ஒரு மாத வருமானம் கிடைக்குமாம். முதலில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். நிமிர்ந்து பார்த்தால் என் பவுடர் டப்பா இவர் கையில் இருக்கிறது.

"ஏங்க, வேலை குடுக்கிறவன் நம்மகிட்ட ஏன் காசு கேக்கிறான்?"

"ஏறினா டிக்கெட் எடுக்கணும்ல. ஓசியில யார் ஏத்திக்குவான்?"

காலமெல்லாம் டிக்கெட் கிழித்த மனிதருக்கு, முன்னால் காசு கேட்பது நியாயமாகவே பட்டிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. 'காதுல பூ சுத்துறான், நீங்களும் காதைக் காட்டிட்டு நிக்கிறீங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் பணம் தப்பும், ஆனால் இந்த மனுஷன் நொறுங்கிப்போவார். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டேன்.

"உங்க பஸ்ல நீங்க எப்பவாவது டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

"நான் ஏன் எடுக்கணும்? நான் வேலை பாக்கறவன்."

"அப்ப இங்க நீங்க யாரு?"

போனை எடுத்து, 'கட்டணத்தை என் முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று அவர்களுக்கு எழுதி அனுப்பினார். அது முடியாதாம். வேண்டுமானால் கட்டணத்தைக் குறைக்கிறோம், போனுக்கு இப்போது வரும் ரகசிய எண்ணை உடனே சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

"நான் இங்கயே இறங்கிக்கிறேன்" என்று சொல்லி அந்த நம்பரைத் தடுத்துவிட்டு, டப்பாவை என் மடியில் வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது. "உனக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தரக்கூட வக்கில்லாம போச்சு" என்றார்.

"அந்தப் பழைய சர்வேயத் திறங்க, நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றேன்.

திறந்தார். உங்கள் வீட்டில் எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் யார் என்று கேட்டிருந்தது.

"உங்களையே போடுங்க."

"பொய் சொல்லி வர்ற பாயிண்ட் எனக்கு வேணாம்" என்று 'மனைவி' என்பதைத் தொட்டார். உடனே, மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை என்று வந்தது. இன்றைக்கு இதுவும் வேண்டுமா என்று பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீதான் முடிவு பண்றேன்னு தெரிஞ்சதும் என்னை இறக்கி விட்டுட்டான். நேர்மையான கம்பெனி." மடியிலிருந்த டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "சரி, முடிவு பண்றவளே, கண்ணாடிக் கடைக்குப் போலாமா? உன் காசுலயே வாங்கிக்கோ" என்றார்.

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு இப்ப வாசப்படிகூடத் தெரியல. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பிடித்துக்கொண்டார்.