வெனிங்கின் சிவப்புக் குடை

வெனிங் ஜாவாக்காரி. நாற்பதைத் தாண்டியவள், சொந்த ஊரில் பெயரெடுத்த ஓவியர். மரக்கட்டை அச்சு கற்றுக்கொள்ள எங்கள் கியோட்டோ பட்டறைக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டை செதுக்குவது என் வேலை. பொழுதுபோகாமல் வருகிறவர்கள் நல்ல செர்ரி மரத்தைப் பாழாக்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் பாழாக்கவில்லை. உளியைக் கீழே வைத்தால்தான் இவளுக்குப் பசியே தெரியும்.

எங்களிடம் அச்சு எடுப்பவள் ஹட்சுவே. கோடுகளுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. காகிதம் ஈரமாகவே இருந்தால்தான் நிறம் கோட்டுக்குள் உட்காரும். காய்ந்தால் சுருங்கி விலகிவிடும். அதனால் பனி கொட்டினாலும் அச்சு அறையில் அடுப்பு கிடையாது. வெனிங்கின் விரல்கள் வீங்கிச் சிவந்தன. குறை சொல்லாமல் அதே விரல்களால் வேலையைத் தொடர்ந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் தானே வரைந்து, தானே செதுக்கிய படத்தை அச்சிட்டாள். மழையில் சிவப்புக் குடையோடு சைக்கிளில் போகும் பெண். அது தேறினால் முதலாளி ஒகாதா இன்னொரு வருடம் வைத்துக்கொள்வார். தேறாவிட்டால் விசா முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

குடையின் சிவப்பு மட்டும் பாக்கி. மதியம் நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். ஒகாதாவுக்கு அவள் விரல்களைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. தன் அறையிலிருந்த மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிவந்து, காகித அடுக்கின் பக்கத்தில் ஏற்றிவைத்துவிட்டார். அச்சுக் கட்டையைத் தொட்டறியாத முதலாளி. மனசு தங்கம், என்ன செய்ய!

நாங்கள் திரும்பி வருவதற்குள் காகித ஓரமெல்லாம் காய்ந்து நெளிந்திருந்தது. வெனிங் அவசரமாக மறுபடி நனைத்துப் பார்த்தாள். பலனில்லை. சிவப்பு, குடையை விட்டு மயிரிழை வெளியே நின்றது.

ஒகாதா எட்டிப் பார்த்தார். "அட, இது யாருக்குத் தெரியப்போகுது? மழையில குடை கொஞ்சம் ஆடத்தானே செய்யும்!"

வெனிங் அடுக்கைக் கவிழ்த்து வைத்தாள். "மன்னிச்சுடுங்க. காகிதம் காஞ்சத நான்தான் கவனிக்கல."

"ம்..." என்றார் ஒகாதா.

அடுப்பை வைத்தவர் அவர், மன்னிப்புக் கேட்டவள் இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் குற்றம் சொல்வதில்லை. ஜாவாவிலும் அப்படித்தானாம். நல்ல பொருத்தம்!

ஹட்சுவே அடுப்பை அணைத்தாள். இரண்டு கையாலும் தூக்கிவந்து ஒகாதாவின் காலடியில் வைத்தாள். "இது இல்லாம மதியத்துலேர்ந்து எப்படி நடுங்கினீங்களோ, பாவம். எங்களுக்காக இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஒகாதா சான்?"

என்ன இனிமையான குரல்! குடையில் சரியாக விழாத சிவப்பு, ஒகாதாவின் காது மடலில் சரியாக விழுந்தது.

அடுப்பை ஓரமாகத் தள்ளினார். பிறகு வெனிங்கின் முன் இடுப்பு வளையக் குனிந்தார். "தப்பு என்னோடது. புதுக் காகிதம் நான் வாங்கித் தரேன். விசாவுக்கும் எழுதித் தரேன். இன்னொரு வருஷம் இருங்க."

வெனிங் வீங்கிய விரலால் கண்ணைத் துடைத்தாள்.

"இருக்கேன், ஒகாதா சான். ஆனா இனிமே என்மேல இரக்கம் மட்டும் படாதீங்க."

எங்கள் பட்டறையில் முதலாளியின் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்ன முதல் குறை அது.