கோல்கீப்பரின் பக்கத்து இடம்

எங்கள் கடற்கரைப் பங்குத் தேவாலயத்தின் கால்பந்து அணியில் அவர் கோல்கீப்பர். அந்த வேலைக்குக் குள்ளம்தான். வலது சுண்டுவிரல் எப்போதோ முறிந்து, கோணலாகவே கூடியிருந்தது. பின்வரிசையில் ஆடும் நான் பயந்துபோய்ப் பந்தை அவரிடமே திருப்பி உதைத்தால் அவருக்குப் பிடிக்காது. பந்து வந்து சேர்வதற்குள் ஒரே வாக்கியத்தைக் கத்திவிடுவார். "எனக்க கிட்ட தராத மக்கா. அந்தப் பக்கம் ஆளு நிக்கான்."

அந்தப் பக்கம் நின்றவன் என் சித்தப்பா மகன். வள்ளத்தைப் பாகம் வைத்த சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அதனால் பந்தும் இல்லை.

திருவிழாப் போட்டியன்று அணி முழுவதும் ஜெர்சியோடு பூசைக்குப் போவது வழக்கம். அன்று பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் அவன் வந்து உட்கார்ந்தான். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. எழுந்துபோகப் பார்த்தேன். வலப்பக்கம், பெஞ்சின் ஓரத்தில், கோல்கீப்பர்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணா."

"பூசை முடியட்டு," என்றார். முழங்காலை நகர்த்தவில்லை. பிரசங்கம் முழுக்க அவர் பக்கமே ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் எழுந்து, பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. சட்டென்று அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். அவர் கைகூப்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"எனக்க கிட்ட தராத மக்கா. அந்தப் பக்கம் ஆளு நிக்கான்."

திரும்பினேன். சித்தப்பா மகன் ஏற்கெனவே கைகூப்பி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று எனக்குத் தெரியவில்லை.