கூரையிலிருந்து இறங்கிய கம்பி

முதலில் கூடத்து விளக்கு. பிறகு காற்றாடி, வைஃபை பெட்டி, கடைசியாக ஐஸ்பெட்டி. அந்தி சாய்ந்ததும் ஜெகதீஸ்வரி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, சன்னலோரம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். பினாங்கின் டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு. எதிரே மலை மெல்ல நீலம் கறுத்துக்கொண்டிருக்கும். "ரேடியோவுல எல்லாம் எரையுதுலா. லைட்டு கூட எரையுது," என்பார்.

பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பகலெல்லாம் பேசித் தீர்ப்பவர். மாலையில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் அவருக்கு. பசிபிக்கில் ஏதோ ஒரு தீவிலிருந்து ஒரு கிழவர் மோர்ஸ் குறியீட்டில் தட்டுவார்: மழை, முழங்கால் வலி, வளர்க்கும் கோழிகள். ஒவ்வொரு முறையும் கடைசி எழுத்தைச் சற்று இழுத்து முடிப்பார். பினாங்கில் ஒருத்தி இதையெல்லாம் கேட்கிறாள் என்பது அந்தக் கிழவருக்குத் தெரியாது.

கட்டடத்தில் புது லிஃப்ட் வந்ததும் கிழவரின் தட்டல் காணாமல் போனது. சன்னலில் கட்டிய ஏரியலில் லிஃப்டின் உறுமல்தான் விழுந்தது. "அவரு போய்ட்டாரா, இல்ல எனக்குத்தான் கேக்கலையான்னு தெரியலையே அண்ணே," என்று காவலாளி அய்யாக்கண்ணுவிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. லிஃப்டுக்கு எட்டத்தில் ஏரியலை மாற்றிக் கட்ட, மொட்டைமாடிச் சாவியை எடுத்துக்கொண்டு அய்யாக்கண்ணு கூடவே ஏறினார்.

கிளினிக்கைப் புதுப்பித்தபோது கழற்றிப்போட்ட நெட்வொர்க் கேபிளை ஜெகதீஸ்வரி சுருட்டி வந்திருந்தார். உள்ளே முறுக்கிய கம்பிகள், ஜோடி ஜோடியாக. ஏரியல் பிடித்ததை ஒரு ஜோடி கீழே கொண்டுவரும். ஏரியலடியில் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு ஜோடி மின்சாரத்தை மேலே கொண்டுபோகும். "ஒரே வயருலே ஏத்தமும் எறக்கமும், பாத்தீங்களாண்ணே!"

முதல் நாள் மறுபடியும் இரைச்சல். மின்சாரம் தந்த சார்ஜரே இரைந்துகொண்டிருந்தது. மறுநாள் ஜெகதீஸ்வரி அதைப் பிடுங்கிவிட்டு, அய்யாக்கண்ணு தூக்கி வந்த பழைய கார் பேட்டரியைப் பொருத்தினார்.

வற்றத்தில் கடல் விலகுவதுபோல இரைச்சல் பின்வாங்கியது. அப்புறம் வெறும் அமைதி, மூச்சு விடுவதுபோல. அதன் அடியில், மிக மெலிதாக, ஒரு தட்டல். ஜெகதீஸ்வரி உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டினார். மழை. கோழி. பிறகு அந்த இழுவை.

"என்னா தங்கச்சி, கெடச்சிருச்சா?" வாசலில் நின்றபடி அய்யாக்கண்ணு கேட்டார்.

ஜெகதீஸ்வரி பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி அவரை நோக்கி நீட்டினார்.